குடத்துக்குள்ளே யார் பெயர்?

மதிப்பிற்குரிய நடுவர் ஐயா அவர்களே! எங்கள் அணித் தலைவர் அவர்களே! இந்த அம்மா எப்போது முடிப்பார் என்று கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும் எதிரணி அன்பர்களே! (சிரிப்பு) சாயங்காலமே சோறாக்கி வைத்துவிட்டு, பிள்ளை குட்டிகளோடு வந்து பாய் விரித்து உட்கார்ந்திருக்கும் உத்திரமேரூர்ப் பெருமக்களே!

புகழ் பெற்ற கதைகள் திரைப்படமாகும்போது, நடிகரைத் தேர்ந்தெடுப்பதில் முந்தி நிற்பது திறமையா? பிறப்பும் தோற்றமுமா? இதுதான் இன்றைய தலைப்பு. பிறப்பும் தோற்றமும்தான் என்று பேச வந்திருக்கிறேன். நான் சரித்திரம் சொல்லிக் கொடுக்கிற டீச்சர். வருஷம் சொல்லாமல் எனக்குப் பேச வராது. ஆனால் பயப்படாதீங்க, கடைசியில் பரீட்சை வைக்க மாட்டேன். (சிரிப்பு)

எனக்கு முன்னால் பேசிய எதிரணி அண்ணன் வெளுத்து வாங்கிவிட்டார். "தில்லானா மோகனாம்பாள்" பார்த்தீர்களா என்று கேட்டார். பார்த்தோம் அண்ணே! ஆனந்த விகடனில் கொத்தமங்கலம் சுப்பு எழுதிய தொடர்கதை. 1968-ல் ஏ.பி.நாகராஜன் படமாக எடுத்தார். நடிகர் திலகம் கன்னத்தை உப்பிக்கொண்டு, விரலை ஓட்டி ஓட்டி வாசிக்கிறார். உலகமே நம்பியது. "சிவாஜி என்ன நாதஸ்வரக்காரர் வீட்டிலேயா பிறந்தார்? திறமை இருந்தது, ஜெயித்தார்" என்று அண்ணன் சொன்னபோது நீங்கள் கைதட்டினீர்கள். நானும் தட்டினேன். நல்ல நடிப்புக்குக் கை தட்டாமல் இருக்க முடியுமா?

ஆனால் அண்ணன் ஒன்றைச் சொல்லாமல் விட்டுவிட்டார். அந்த நாதஸ்வரத்தை நிஜமாக ஊதியவர்கள் எம்.பி.என்.சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்கள். மூச்சு அவர்களுடையது, முகம் சிவாஜியுடையது. படம் பார்த்துவிட்டு வந்த ஜனங்களில் எத்தனை பேர் அந்த இரண்டு சகோதரர்களின் முகத்தைப் பார்த்திருப்பார்கள்? சிவாஜியின் திறமையில் எனக்குச் சந்தேகமே கிடையாது. என் கேள்வி அதற்கு முன்னால் நிற்கிறது. தேர்வு என்று ஒன்று நடக்கிறதே, அந்தத் தேர்வுக்கு யார் யார் பெயரை எடுத்துக்கொண்டார்கள்?

இந்தக் கேள்வியை உத்திரமேரூரில் நின்று கேட்காமல் வேறு எங்கே நின்று கேட்பது?

வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் நம்ம ஊர்க் கல்வெட்டு இருக்கிறது. முதலாம் பராந்தக சோழன் காலம். கி.பி. 919, 921 ஆகிய ஆண்டுகளைச் சேர்ந்தவை. ஊரை முப்பது குடும்புகளாகப் பிரித்தார்கள். குடும்பு என்றால் இன்றைக்கு நாம் வார்டு என்று சொல்கிறோமே, அது. ஒவ்வொரு குடும்பிலும் தகுதி உள்ளவர்கள் பெயரை ஓலையில் எழுதிக் குடத்தில் போட்டுக் குலுக்கினார்கள். சூது வாது தெரியாத ஒரு சின்னப் பையனைக் கூப்பிட்டு எடுக்கச் சொன்னார்கள். ஏரி வாரியம், தோட்ட வாரியம், ஆண்டு வாரியம் எல்லாவற்றுக்கும் இப்படித்தான் ஆள் எடுத்தார்கள். கணக்குக் காட்டாதவன் பெயரைக் குடத்தில் போடக் கூடாது, அவன் சொந்தக்காரன் பெயரையும் போடக் கூடாது என்றெல்லாம் சட்டம். ஆயிரத்து நூறு வருஷத்துக்கு முந்தி! நமக்குப் பெருமையா இல்லையா? பெருமைதான்!

ஆனால் சரித்திர டீச்சர் அதே கல்வெட்டின் மற்ற வரிகளையும் படிக்க வேண்டும். யார் பெயரைக் குடத்தில் போடலாம்? கால்வேலிக்கு மேல் வரி கட்டுகிற நிலம் சொந்தமாக இருக்க வேண்டும். சொந்த மனையில் வீடு கட்டியிருக்க வேண்டும். முப்பத்தைந்து வயதுக்கு மேல், எழுபது வயதுக்குள் இருக்க வேண்டும். வேதம் படித்து, பிறருக்குச் சொல்லிக் கொடுக்கும் அளவுக்குத் தெரிந்திருக்க வேண்டும். இது சதுர்வேதிமங்கலம், பிராமணர்களுக்குக் கொடுத்த ஊர். அப்போது ஏரியைத் தூர் வாரியவன் பெயர்? அந்தக் குடத்தையே செய்த குயவன் பெயர்? நாற்று நட்ட பெண்ணின் பெயர்? ஒன்றும் உள்ளே இல்லை. கை விட்டுத் துழாவினாலும் கிடைக்காது.

சின்னப் பையன் நேர்மையாகத்தான் எடுத்தான், நடுவர் ஐயா. எடுத்த கையில் குற்றம் இல்லை. போட்ட கையைப் பாருங்கள் என்கிறேன். சினிமாவிலும் இதே கதைதான். "நாங்கள் திறமையைத்தான் பார்த்தோம்" என்று எதிரணி சொல்வதும் உண்மையாகவே இருக்கலாம். குடத்துக்குள் இருந்த ஓலைகளில் திறமையைப் பார்த்தார்கள். வெளியே நின்றவர்களின் திறமையை யார் பார்த்தது? (கைதட்டல்)

இனி வரிசையாக வருகிறேன். 1931-ல் தமிழ் சினிமா பேச ஆரம்பித்தது. நாலே வருஷத்தில், 1935-ல், "நந்தனார்" வந்தது. நாவல் இல்லைதான். ஆனால் நாவலுக்கெல்லாம் முன்னாலேயே தமிழ்நாட்டு வீடுகளுக்குள் போன கதை. பெரிய புராணத்தில் உள்ள திருநாளைப்போவாரை எடுத்து, அவருக்கு எதிரே ஒரு நிலச்சுவான்தார் வேதியரையும் படைத்து, கோபாலகிருஷ்ண பாரதியார் கீர்த்தனைகளாகப் பாடினார். சேரியில் பிறந்த ஒரு பண்ணையாள், சிதம்பரத்துக்குப் போக ஆசைப்பட்ட கதை.

அந்த நந்தனாக நடித்தது யார்? கே.பி.சுந்தராம்பாள் அம்மா! ஒரு லட்ச ரூபாய் சம்பளம். அந்தக் காலத்து ஒரு லட்சம், நடுவர் ஐயா! வேதியராக நடித்தவர் சங்கீத வித்வான் மகாராஜபுரம் விஸ்வநாதய்யர். மறுபடி 1942-ல் ஜெமினி "நந்தனார்" எடுத்தது. இந்தத் தடவை நந்தன் யார்? தேவாரம் பாடும் ஓதுவார் மரபில் வந்த தண்டபாணி தேசிகர். இரண்டு முறையும் பேர் பெற்ற பாட்டுக்காரர்களுக்குத்தான் அந்த வேஷம் போனது. கேட்டால் என்ன சொல்வார்கள்? "பாட்டுத் திறமைதானே முக்கியம்!" சரி. அந்தப் பாட்டைக் கற்றுக் கொடுத்த குருவின் வீட்டுத் திண்ணையில் அன்றைக்கு யாரை உட்கார விட்டார்கள்? சேரிப் பையன் ஒருவனுக்குச் சாரீரம் இருந்தது என்று வையுங்கள். அவன் எங்கே போய்ச் சிட்சை எடுத்துக்கொள்வான்?

இன்னொன்றும் சொல்கிறேன். வைத்தியநாதய்யர் முன் நின்று மதுரை மீனாட்சி கோயிலுக்குள் தாழ்த்தப்பட்ட மக்களை அழைத்துப் போனது 1939 ஜூலை 8-ஆம் தேதி. "நந்தனார்" படம் அதற்கு நாலு வருஷம் முந்தியது. திரையில் நந்தன் சிதம்பரம் போவதைப் பார்த்துக் கண்ணீர் விட்டார்கள் ஜனங்கள். நிஜ நந்தன் வாசலிலேயே நின்றான். அழுததும் நிஜம், வாசல் மூடியிருந்ததும் நிஜம். ஒரு பெண் ஆணாக நடிப்பதை அன்றைய ஜனங்கள் ஏற்றுக்கொண்டார்கள். அத்தனை பெரிய மனசு அவர்களுக்கு இருந்தது. அந்த மனசு சேரியின் எல்லை வந்ததும் நின்றுவிட்டதே, ஏன்?

அடுத்து 1938. பிரேம்சந்த் எழுதிய நாவல் "சேவாசதன்". கே.சுப்ரமணியம் தமிழில் "சேவாசதனம்" என்று எடுத்தார். வயதான கணவனுக்கு வாழ்க்கைப்பட்டு, சந்தேகத்துக்கு ஆளாகி, வீட்டை விட்டுத் துரத்தப்படும் குடும்பத்துப் பெண்ணின் கதை. கதாநாயகி யார்? எம்.எஸ்.சுப்புலட்சுமி அம்மாவின் முதல் படம் அது. தேவதாசி மரபில் வந்த மதுரை சண்முகவடிவு அம்மாளின் மகள். இந்த விநோதத்தைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்க. குடும்பப் பெண் மேடை ஏறினால் குடும்பம் கெட்டது என்றார்கள். அதனால் குடும்பப் பெண்ணின் கஷ்டத்தை நடித்துக் காட்ட, அதே சமூகம் ஒதுக்கி வைத்த மரபிலிருந்துதான் பெண்கள் வர வேண்டியிருந்தது. அங்கே திறமை ஜெயித்தது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்தக் குடத்தில் யார் ஓலை இருக்கலாம் என்று முடிவு செய்தது பிறப்புதானே?

மறு வருஷம், 1939. கல்கி எழுதிய "தியாக பூமி". அதையும் கே.சுப்ரமணியமே எடுத்தார். படம் உருவாகும்போதே விகடனில் கதை தொடராக வந்தது. படத்தின் புகைப்படங்களே கதைக்குச் சித்திரம்! புயலில் வீடிழந்த சேரி ஜனங்களுக்கு இடம் கொடுத்ததற்காக, அக்கிரகாரம் ஒதுக்கி வைக்கும் சம்பு சாஸ்திரி. அந்த வேஷத்துக்கு யாரைப் பிடித்தார்கள்? பாபநாசம் சிவனையே பிடித்தார்கள்! பஜனை பாடி வீதி வலம் வந்த நிஜமான பக்தர். அவர் வந்து நின்றாலே சம்பு சாஸ்திரிதான். 1940-ல் வெள்ளைக்கார சர்க்கார் அந்தப் படத்தைத் தடை செய்தது. அத்தனை தைரியமான படம்.

நான் குறை சொல்லவில்லை. சாஸ்திரி வேஷத்துக்கு நிஜமான ஆளைத் தேடிப் போன அந்த அக்கறை இருக்கிறதே, அது அழகு. அதே அக்கறை நந்தனைத் தேடும்போதும் இருந்திருக்கலாமே என்பதுதான் என் ஆதங்கம்.

சரி, ஓலையைத் தப்பித் தவறி ஒருவர் போட்டுவிட்டால் என்ன ஆகும்? இதற்குப் பக்கத்துத் திருவிதாங்கூருக்குப் போக வேண்டும். இது நாவலிலிருந்து எடுத்த படம் இல்லை. ஆனாலும் நம் தலைப்புக்கு இதைவிடப் பெரிய சாட்சி கிடையாது. மலையாளத்தின் முதல் படம் "விகதகுமாரன்". 1930 வாக்கில் வந்த ஊமைப்படம். எடுத்தவர் ஜே.சி.டேனியல், நம்ம கன்னியாகுமரிப் பக்கத்து அகஸ்தீஸ்வரத்துக்காரர். கதாநாயகி ஒரு நாயர் வீட்டுப் பெண். அந்த வேஷத்துக்கு அவர் பி.கே.ரோஸி என்ற பெண்ணை நடிக்க வைத்தார். தாழ்த்தப்பட்ட குடும்பத்துப் பெண், புல்லறுத்துப் பிழைத்தவள், நாட்டுப்புற நாடகம் ஆடியவள். திறமை பார்த்துத்தான் எடுத்தார்.

என்ன நடந்தது? திரையைப் பார்த்துக் கல்லெறிந்தார்கள். "இவள் எப்படி நாயர் பெண்ணாக வரலாம்?" ஊரை விட்டே ஓட வேண்டியதாயிற்று. தமிழ்நாட்டுக்கு வந்து, வேறு பெயர் வைத்துக்கொண்டு, தான் ஒரு நடிகை என்பதையே சொல்லிக்கொள்ளாமல் வாழ்ந்து மறைந்தாள் அந்தத் தாய். அவள் நடித்த படத்தின் பிரதிகூட இன்றைக்கு இல்லை.

மேல்தட்டில் இருப்பவர் கீழே இறங்கி நடித்தால் "என்ன அருமையான நடிப்பு!" என்று மாலை போடுகிறோம். கீழ்த்தட்டில் இருப்பவர் மேலே ஏறி நடித்தால் கல்லெறிகிறோம். இதற்குப் பெயர் திறமைப் போட்டியா? சொல்லுங்க ஐயா! (கைதட்டல்)

நடுவர்: ஒரு நிமிஷம் அம்மா. அப்படியானால் ராஜராஜ சோழனாக நடிக்கச் சோழ வம்சத்திலேயே ஆள் தேட வேண்டுமா? படம் எடுக்கிறவன் பாடு திண்டாட்டமாகிவிடுமே! (சிரிப்பு)

நல்ல கேள்வி ஐயா! 1973-ல் அரு.ராமநாதன் நாடகத்தை வைத்து "ராஜராஜ சோழன்" வந்தது. சிவாஜி நடித்தார், ரசித்தோம். அதைவிட வேடிக்கை, நம்ம காஞ்சிபுரத்துப் பல்லவன்! 1960-ல் கல்கியின் "பார்த்திபன் கனவு" படமானபோது நரசிம்ம பல்லவனாக வந்தவர் ஆந்திராவின் எஸ்.வி.ரங்காராவ். காஞ்சிபுரத்துக்காரங்க யாராவது சண்டைக்குப் போனோமா? கிடையாதே! என்ன கம்பீரம் என்று வியந்தோம். வேறொருவராக மாறுவதுதான் நடிப்பு. மீனவன் வேஷத்துக்கு மீனவன்தான், ராஜா வேஷத்துக்கு ராஜாதான் என்று சட்டம் போட்டால் நடிப்பே செத்துப்போகும். அதையா நான் கேட்கிறேன்? ரங்காராவ் பல்லவனாகட்டும். அதே உரிமையோடு ரோஸி நாயர் பெண்ணாகட்டும். மாறுகிற உரிமை எல்லாருக்கும் இருக்கட்டும் என்கிறேன். அந்த உரிமை ஒரு திசையில் மட்டும் ஓடுகிறதே, அதுதான் வழக்கு.

இரண்டு திசையிலும் ஓடிய ஒரு கலை நம்ம பக்கத்திலேயே இருக்கிறது. திரௌபதி அம்மன் கோயில் பாரதக் கூத்து! அர்ச்சுனன் தபசு, பதினெட்டாம் போர், படுகளம் எல்லாம் பார்த்து வளர்ந்தவர்கள் நீங்கள். கூத்தில் யார் துரியோதனன்? பகலில் கூலி வேலைக்குப் போகிறவர். ராத்திரி அரிதாரம் பூசி, கட்டைக் கிரீடம், புஜக்கட்டை கட்டிக்கொண்டு திரைக்குப் பின்னாலிருந்து வந்தால், சபையே எழுந்து நிற்கும். விடிகிற வரைக்கும் அவர் ராஜா. பகலில் அவரை "டேய்" என்று கூப்பிடுகிறவர்கூட ராத்திரி வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருப்பார். பாஞ்சாலி வேஷம் கட்டிய ஆம்பளையைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிடுவார்கள் நம்ம தாய்மார்கள். கூத்தில் நிறம் என்றால் முகத்தில் பூசும் வர்ணம்தான். அடியில் இருக்கும் தோலின் நிறத்தை யார் கேட்டது? கூத்து, கூலிக்காரனை ராஜாவாக்கியது. சினிமாவில் என்ன நடந்தது? ராஜாக்களே கூலிக்காரனாக வந்தார்கள். கூலிக்காரன் கூட்டத்தில் ஒருவனாகத் தள்ளி நின்றான்.

இது நம்ம நாட்டு வியாதி மட்டும் இல்லை. சீன விவசாயிகளைப் பற்றி பேர்ல் பக் அம்மையார் "குட் எர்த்" என்று ஒரு நாவல் எழுதினார். நோபல் பரிசு வாங்கிய எழுத்தாளர். 1937-ல் ஹாலிவுட்டில் படமானது. சீன விவசாயி யார் தெரியுமா? பால் முனி என்ற வெள்ளைக்காரர். அவர் மனைவி ஓ-லானாக நடித்தவர் லூயிஸ் ரெய்னர், அவரும் வெள்ளைக்காரர். அப்போது அங்கேயே அன்னா மே வாங் என்று ஒரு சீன வம்சத்து நடிகை இருந்தார். உலகப் புகழ் பெற்றவர், அந்த வேஷத்துக்கு ஆசைப்பட்டவர். கிடைக்கவில்லை! ஏன்? வெள்ளைக்காரரும் வேற்று இனத்தாரும் திரையில் புருஷன் பெண்டாட்டியாக வரக்கூடாது என்று அங்கே தணிக்கை விதி. புருஷன் வேஷத்தை வெள்ளைக்காரருக்குக் கொடுத்த பிறகு, பெண்டாட்டி சீனப் பெண்ணாக இருக்க முடியாதாம்! குடும்பத்தைக் கெடுக்கும் இன்னொரு பெண்ணின் வேஷம் தருகிறோம் என்றார்கள். அந்த அம்மா மானஸ்தி, வேண்டாம் என்றுவிட்டார். ரெய்னருக்கு ஆஸ்கார் பரிசு கிடைத்தது. திறமைக்குத்தான் கொடுத்தார்கள், மறுக்கவில்லை. வாங் அம்மாவின் திறமை எந்தக் குடத்தில் இருந்தது?

1984-ல் டேவிட் லீன், இ.எம்.ஃபாஸ்டரின் "எ பாசேஜ் டு இந்தியா" நாவலைப் படமாக்கினார். அதில் பேராசிரியர் காட்போலே என்று ஒரு பிராமணர் வருவார். அந்த வேஷத்தில் வந்தவர் லண்டனில் பிறந்த அலெக் கின்னஸ்! எழுபது கோடிக்கு மேல் இந்தியர் இருந்த காலத்தில் ஒரு இந்தியப் பேராசிரியர் அகப்படவில்லை பாருங்கள். நம்ம ஊர்ப் பள்ளிக்கூடத்தில் கேட்டிருந்தால்கூட நாலு பேரை அனுப்பியிருப்போம். (சிரிப்பு) இப்போது நமக்குச் சிரிப்பு வருகிறது. நம்மை ஒருவர் பூசிக்கொண்டு நடித்தால் உறுத்துகிறது. அந்த உறுத்தலை மனசில் வைத்துக்கொண்டு நம்ம படங்களையும் ஒரு தரம் பாருங்கள் என்கிறேன்.

காஞ்சிபுரம் தந்த அறிஞர் அண்ணா இதை ஒரு கதையிலேயே காட்டிவிட்டார். அவருடைய நாடகம் "வேலைக்காரி", 1949-ல் படமானது. ஏழை ஆனந்தன், பரமானந்தம் என்ற பணக்காரன் வேஷத்தில் ஜமீன்தார் வீட்டுக்குள் போகிறான். அதே ஆள், அதே முகம். சட்டை மாறியதும் வாசல் திறக்கிறது, பெண்ணையும் கட்டிக் கொடுக்கிறார்கள். தோற்றத்துக்குத் திறக்கிற கதவு திறமைக்குத் திறப்பதில்லை என்பதற்கு இதைவிட என்ன பாடம் வேண்டும்?

"இதெல்லாம் பழைய கதை அம்மா, இப்போது யார் நிறம் பார்க்கிறார்கள்?" என்று எதிரணியில் ஒரு தம்பி முணுமுணுக்கிறார். வருகிறேன் தம்பி.

1978. உமாசந்திரன் எழுதி, கல்கி பத்திரிகைப் பரிசு பெற்ற நாவல் "முள்ளும் மலரும்". இயக்குநர் மகேந்திரனுக்கு முதல் படம். மலைப்பக்கத்து வின்ச் ஆபரேட்டர் காளி. வெயிலில் காய்ந்த முரட்டுத் தொழிலாளி. அந்த வேஷத்துக்கு ரஜினிகாந்த் என்று மகேந்திரன் முடிவு செய்தார். தயாரிப்பு தரப்பில் தயங்கினார்களாம். ஏன்? ஆள் கறுப்பு, வில்லனாக வருகிறவர். இதை மகேந்திரனே பின்னாளில் சொல்லியிருக்கிறார். வெயிலில் வேலை செய்கிற தொழிலாளி வேஷத்துக்கே கறுப்பு உதவாது என்றால், வேறு எதற்குத்தான் உதவும்? ரஜினி இல்லையென்றால் இந்தப் படமே வேண்டாம் என்று மகேந்திரன் பிடிவாதமாக நின்றார். அதனால் நமக்குக் காளி கிடைத்தான். அங்கே திறமை தானாக ஜெயிக்கவில்லை, தம்பி. ஒரு மனுஷர் அடம் பிடித்து ஓலையைக் குடத்தில் திணித்தார். எல்லா ஓலைக்கும் ஒரு மகேந்திரன் கிடைப்பாரா?

இதில் சினிமாக்காரர்களை மட்டும் குற்றம் சொல்லிவிட்டு நாம் தப்பிக்க முடியாது. 1965-ல் ஜெயகாந்தன் தன்னுடைய "உன்னைப்போல் ஒருவன்" கதையைத் தானே படமாக எடுத்தார். குடிசைப் பகுதி ஜனங்களின் கதை. பெரிய நட்சத்திரம் கிடையாது, பாட்டு கிடையாது. தேசிய அளவில் விருது கிடைத்தது. கொட்டகைகள் கிடைக்கவில்லை. ஜனங்களும் திரண்டு போகவில்லை. யார் அந்த ஜனங்கள்? நாமதான்! கட்டுச்சோறு கட்டிக்கொண்டு, மாட்டு வண்டி கட்டிக்கொண்டு டூரிங் கொட்டகைக்குப் போனவர்கள் நாம்தானே? சிவப்பாக ஒரு கதாநாயகி வந்தால் "லட்சணமா இருக்கா" என்கிறோம். கறுப்பாக ஒருத்தி வந்தால், "வேலைக்காரியா வர்றாளோ?" என்கிறோம். வீட்டில் நாம் சொல்வதைத்தான் தயாரிப்பாளர் கணக்குப் போட்டுக்கொண்டு போகிறார்.

மாறவே இல்லையா என்றால், மாறியிருக்கிறது. பூமணி 1982-ல் எழுதிய "வெக்கை" நாவல், 2019-ல் "அசுரன்" ஆனது. தனுஷுக்குத் தேசிய விருது. பெரிய நடிகர் நடித்ததால் அந்தக் கதை நாவலைத் தொடாத வீடுகளுக்கெல்லாம் போனது. அது நன்மைதான். 2018-ல் வந்த "பரியேறும் பெருமாள்" நாவல் இல்லை. மாரி செல்வராஜே எழுதிய கதை. அதில் கதாநாயகனின் அப்பாவாக வந்தாரே, அவர் யார் தெரியுமா? தங்கராசு என்ற திருநெல்வேலிப் பக்கத்து நாட்டுப்புறக் கலைஞர். ஊர் ஊராகப் பெண் வேஷம் கட்டி ஆடியவர். படத்திலும் அதே வேஷம். அவர் ஓடுகிற காட்சியைப் பார்த்து அழாதவர்கள் உண்டா? அந்தத் திறமை அவரிடம் பல வருஷமாக இருந்தது. ஓலைதான் 2018-ல் விழுந்தது. வாழ்க்கையின் கடைசிப் பகுதியில்! 2023-ல் அவர் காலமாகிவிட்டார்.

நான் ஏன் இத்தனை வருஷக் கணக்குச் சொல்கிறேன்? ஒரு பிள்ளை என்னிடம் கேட்ட கேள்விதான் காரணம்.

ஒரு பள்ளிக்கூடம். பேர் வேண்டாம். ஆண்டு விழாவுக்குப் "பொன்னியின் செல்வன்" நாடகம். 2022-ல் படம் வந்த பிறகு பிள்ளைகளுக்கெல்லாம் அந்தப் பைத்தியம்தான். ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி, குந்தவை வசனம் முழுக்க மனப்பாடம். குரல் கணீரென்று இருக்கும். ஆனால் குந்தவை வேஷம் வேறொரு பெண்ணுக்குப் போய்விட்டது. "அவதான் சிவப்பா, ராஜகளையா இருக்கா." இவளுக்குத் தட்டைத் தூக்கிக்கொண்டு நிற்கிற தோழி வேஷம். வசனம் இல்லை. அந்தப் பிள்ளை அழவில்லை. ரெண்டு நாள் கழித்து என்னிடம் வந்து கேட்டாள்: "டீச்சர், குந்தவை சிவப்பா இருந்தாங்கன்னு கல்வெட்டுல இருக்கா?"

நடுவர் ஐயா, எனக்குத் தெரிந்த சரித்திரத்தில் இதைவிட நல்ல கேள்வியை யாரும் கேட்டதில்லை. நான் சொன்னேன்: "தஞ்சாவூர்ப் பெரிய கோயில் கல்வெட்டுல குந்தவை கொடுத்த பொன் கணக்கு இருக்கும்மா, நகைக் கணக்கு இருக்கு, எத்தனை முத்துன்னுகூட இருக்கு. என்ன நிறம்னு இல்லை." அவள் சிரித்தாள். "அப்ப நான் ஆடியிருக்கலாம்" என்றாள். (நீண்ட கைதட்டல்)

திறமை இருந்தது. வசனம் இருந்தது. குரல் இருந்தது. எதிரணி சொல்கிற எல்லாம் இருந்தது. தட்டுதான் கைக்கு வந்தது. இது சினிமாகூட இல்லை, ஒரு பள்ளிக்கூட மேடை. அங்கேயே இப்படி என்றால், கோடி ரூபாய் போட்டு எடுக்கிற இடத்தில் எப்படி இருக்கும்? நாளைக்கு அந்தப் பிள்ளை "எனக்கு நடிக்கவே வராது" என்று தானே முடிவு செய்துகொள்வாள். அப்புறம் "திறமைசாலி யாரும் வரவில்லையே" என்று நாம் சொல்லிக்கொண்டிருப்போம்.

ஆகவே நடுவர் அவர்களே! திறமை வேண்டாம் என்று எங்கள் அணி சொல்லவில்லை. திறமை இரண்டாவதாக வருகிறது என்கிறோம். முதலில் வந்து வாசலில் நிற்பது பிறப்பு, பக்கத்தில் நிற்பது தோற்றம். அந்த இரண்டும் வழி விட்ட பிறகுதான் திறமை உள்ளே போகிறது. 1935 நந்தனாரிலிருந்து இன்றைய பள்ளிக்கூட மேடை வரைக்கும் சாட்சி சொல்லிவிட்டேன். தீர்ப்பு உங்கள் கையில்.

இங்கே உட்கார்ந்திருக்கும் தாய்மார்களுக்கும் ஆசிரியர்களுக்கும் ஒரு விண்ணப்பம். அடுத்த முறை வீட்டிலோ பள்ளியிலோ ஒரு வேஷத்துக்கு ஆள் பார்க்கும்போது, எல்லாப் பிள்ளைகளையும் ஒரு தரம் வசனம் பேச விட்டுப் பாருங்கள். வேஷம் யாருக்கு வேண்டுமானாலும் போகட்டும். எல்லாப் பெயரும் குடத்தில் விழுந்த பிறகு, சின்னப் பையன் கையை விட்டு எடுக்கட்டும்.



(பலத்த கைதட்டல்)